மாதா பார்த்துக்கொண்டிருந்த திரை

மில்லர்புரத்தில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள், மேலே எங்கள் ஆபீஸ். கதவு திறப்பது, பெருக்குவது, டீ போடுவது என் வேலை. ஐம்பதை ஒட்டிய வயது, நரைத்த மீசை. ஆனாலும் சென்னையில் இருக்கும் முதலாளி போனில் என்னை ஆபீஸ் பையன் என்றுதான் சொல்வார். எனக்கு அதில் வருத்தமில்லை. இந்த வயதில் பையன் என்று யார் கூப்பிடப் போகிறார்கள்?

அந்த ஆபீஸில் போனில் வரும் செயலிகளுக்கு முகம் செய்கிறார்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எதைத் தொட்டால் எது திறக்க வேண்டும், முதல் தடவை பார்க்கிறவன் தடுமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று யோசித்து வரைவதுதான் தொழில். வரைகிறவர் ஒரு மேடம். நாசரேத்துக்காரர், வாத்தியார் குடும்பம். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். என்னை அண்ணாச்சி என்பார். நான் மேடம் என்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது. எனக்கு யாரோடும் பேச்சு கிடையாது. வாயைத் திறப்பதற்குள் மற்றவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். அப்படியே பழகிப்போனது.

ஒரு நாள் லாரி ஓட்டுகிறவர் ஒருவரை ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். துறைமுக வாசலில் காத்திருக்கும் லாரிகளுக்காக ஒரு செயலி செய்திருந்தார்கள். அவர் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், மேடம் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். அவர் வரவில்லை. மேடம் சன்னலோர நாற்காலியைப் பார்த்தார், பிறகு டீத் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்கன வந்து ஒக்காருங்க."

"நானா மேடம்? எனக்கு அஞ்சாப்புக்கு மேல படிப்பில்லையே."

"படிச்சவளுக்குத்தான் நான் இருக்கேனே. ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். பச்சைப் பிளாஸ்டிக் வயர் பின்னிய நாற்காலி. கையில் போனைக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "ஒங்களுக்குத் தோணுறதச் செய்யுங்க. ஆனா மனசுல ஓடுறத அப்படியே சத்தமா சொல்லிக்கிட்டே செய்யணும். சரி தப்பெல்லாம் கெடையாது. பரீட்சை ஒங்களுக்கு இல்ல, இந்த ஸ்கிரீனுக்குத்தான்."

மனதில் ஓடுவதை அப்படியே சொல்ல வேண்டும் என்று அதற்கு முன் என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் போனைப் பார்த்தபடி இருந்தேன். மின்விசிறி சுற்றியது. திரைச்சீலை ஊதி எழும்பி, கம்பியில் ஒட்டி, மறுபடி எழும்பியது. சன்னலுக்கு வெளியே தென்னைகளுக்கு அப்பால் துறைமுகத்துக் கிரேன்களின் தலைகள் தெரிந்தன. வெயில் ஆடுகிற மதியங்களில் அவை நகர்வது போல இருக்கும், மேய்ச்சலுக்குப் போகிற பெரிய விலங்குகள் மாதிரி. மேடம் அவசரப்படுத்தவே இல்லை. இருமவும் இல்லை, மணி பார்க்கவும் இல்லை.

"பயமாருக்கு" என்றேன் கடைசியில்.

"எதப் பாத்து அண்ணாச்சி?"

"இந்தச் செவப்பப் பாத்து. தொட்டா என்னமும் அழிஞ்சு போயிருமோன்னு இருக்கு."

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த வாரம் அந்தப் பொத்தான் நீலமாக மாறியிருந்தது. டீ கொடுக்கப் போனபோது திரையில் அதைப் பார்த்தேன். நான் சொன்ன சொல் ஒரு நிறமாகி எதிரே நிற்கிறது. தட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு வெளியாள் வந்தாலும் வராவிட்டாலும் மேடம் என்னையும் ஒரு தடவை உட்கார வைப்பார். பேசப் பேசப் பேச்சு எனக்கு வந்தது. பொத்தானில் ஆரம்பிப்பேன். அது தேய்ந்து எங்கேயோ போகும். நான் சாத்தான்குளம் பக்கத்து ஆள், சிவப்பு மணல் தேரியில் வளர்ந்தவன். காற்றடித்தால் அங்கே நேற்று நடந்த பாதை இன்றைக்கு இருக்காது. ஒரு செயலியில் திரும்பி வருகிற வழி தெரியாமல் முழித்தபோது, "இது எங்க தேரி மாதிரில்லா இருக்கு, வந்த தடத்தக் காணும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கூச்சமாக இருந்தது. மேடம் சிரிக்கவில்லை. "ம், சொல்லுங்க" என்றார். அந்தச் "சொல்லுங்க" என்ற சொல்லுக்காகவே நான் அந்த நாட்களில் சீக்கிரம் போய்க் கதவு திறந்திருக்கிறேன்.

வீட்டில் இது எப்படியோ தெரிந்துவிட்டது. என் மனைவி திரேஸ்புரத்துக் கடற்கரையில் பிறந்தவள். தேரிக்காட்டுக்காரனுக்கும் கடற்கரைக்காரிக்கும் மாதா கோயிலில் கல்யாணம் ஆனது தனிக் கதை. அவளுக்குப் பேசாமல் இருந்தால் தலை வலிக்கும். நான் பேசினால் எனக்குத் தலை வலிக்கும் என்று அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். நான் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறேன் என்று கேள்விப்பட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்கன போயி கொட்டு கொட்டுன்னு கொட்டுதீங்களாம். இங்கன ஒரு சொல்லுக்கு நான் நேர்ச்சை போட வேண்டியிருக்கு."

"அது வேலை ஏளா."

"பேசுறது வேலையா? அப்பம் எனக்கு எம்புட்டுச் சம்பளம் தரணும் தெரியுமா?"

அவள் தம்பி, என் மச்சினன், எங்களோடுதான் இருக்கிறான். முப்பது வயது, கல்யாணம் இன்னும் ஆகவில்லை, பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன். தின்பதை நிறுத்தாமலே சொன்னான்: "அக்கா, அத்தானுக்கு அந்தச் சேர வீட்டுக்கு வாங்கிக் குடுத்துருவோம்." அவள் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். நான் வழக்கம் போலச் சிரித்துவிட்டு எழுந்துபோனேன்.

பிறகு ஆபீஸுக்கு ஏ.ஐ. வந்தது. அது வந்த நாள் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. புது ஆள் வந்தால் நாற்காலி போடுவோம், டீ கணக்கில் ஒன்று கூடும். இது வந்தது டீ குறைந்ததில்தான் எனக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் மேடம் வெள்ளைக் காகிதத்தைப் போன் அளவுக்கு வெட்டி, அதில் கட்டம் கட்டமாக வரைந்து, மேசை முழுக்கப் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்குவார். சாயங்காலம் நான் பெருக்கும்போது காகிதத் துண்டுகள் சிப்பி ஓடுகள் மாதிரி கிடக்கும். ஒரு திரையை முடிப்பதற்குள் மூன்று டீ குடிப்பார். இப்போது கம்ப்யூட்டரிடம் இன்னது வேண்டும் என்று சொல்கிறார், டீ ஆறுவதற்குள் திரைகள் வந்து வரிசையாக நிற்கின்றன. பெருக்குவதற்குக் காகிதம் இல்லை.

"வேலை லேசாயிருச்சா மேடம்?" என்று ஒரு நாள் கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "வரையுறது லேசாயிருச்சு அண்ணாச்சி. அம்புட்டும் நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கதுல எதத் தள்ளுறதுன்னு ஒக்காந்து பாக்கதுதான் இப்பம் வேலை. கைதான் சும்மா இருக்கு, மண்டை இல்ல."

சென்னையிலிருந்து முதலாளி போனில் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. இனி ஆட்களை வரவழைத்துச் சோதிக்க வேண்டாம், ஏ.ஐ.யே பயன்படுத்துகிறவரைப் போலப் பேசும், அதனிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றார். மேடம் அன்று முழுக்க எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க அந்தச் சேர்ல ஒக்காந்து பேசுனதெல்லாம் ரெக்கார்டுல இருக்கு. அத இதுக்குள்ள குடுத்தா, ஒங்கள மாதிரி ஒரு ஆளு இதுக்குள்ள நிக்கும். புது ஸ்கிரீனக் காட்டுனா நீங்க சொல்ற மாதிரி அது சொல்லும். ஒங்களுக்குச் சம்மதம்னாதான். வேண்டாம்னா இப்பமே விட்டுருவேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் தோன்றவில்லை. அவர் கேட்ட விதமும் நன்றாக இருந்தது. தலையாட்டினேன்.

சில நாளில் அந்த ஆள் வந்துவிட்டான். திரையில் அவனுக்கு ஒரு படம் கூட இருந்தது. ஏ.ஐ. தானாகவே வரைந்ததாம். தலையில் துண்டு கட்டி, கையில் துடுப்பு பிடித்து, பின்னால் சூரியன் மறைகிறது. நான் துடுப்பைத் தொட்டதே இல்லை. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கினால் எனக்கு மயக்கம் வரும். மேடம் சிரித்து, "படத்த மாத்திருவோம்" என்றார். ஏனோ நான் வேண்டாம் என்றேன். அந்த ஆள் அங்கேயாவது கடலுக்குப் போகட்டும்.

குரல் என் குரல் இல்லை. ஆனால் இழுப்பு என்னுடையது. நான் அடுக்களையில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த அறையிலிருந்து கேட்கும்: "இதப் பாத்தா எங்க தேரி மாதிரில்லா இருக்கு மேடம், வந்த தடத்தக் காணும்." நான் இங்கே நிற்கிறேன், அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டும் இருக்கிறேன். மதியத் தூக்கத்தில் நம் பேச்சே நமக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி கேட்குமே, அப்படி இருக்கும். பால் இரண்டு தடவை பொங்கி வழிந்திருக்கிறது. அவன் நன்றாகவே பேசினான். திக்கவில்லை, தொண்டையைச் செருமவில்லை. ஒரு திரையைக் காட்டியதும் உடனே சொன்னான். நான் ஒரு திரைக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் அவன் மொத்தச் செயலியையும் பார்த்து முடித்துவிடுவான்.

ஒரு காலை நான் பெருக்கப் போனபோது சன்னலோர நாற்காலியில் பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியும் அதன் மேல் பழைய கீபோர்டுகளும் இருந்தன. யாரோ இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். நாற்காலி என்றால் சாமான் வைக்கத்தானே. நான் அதைச் சுற்றிப் பெருக்கினேன். திரைச்சீலை ஊதி எழும்பியது. தொண்டையில் நிறையச் சொற்கள் வந்து நிற்பது போல இருந்தது. அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன்பு அவை எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியாது. இனி எங்கே போகும் என்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் பேசாமல் இருந்தது எனக்குச் சுமையாக இருந்ததில்லை. பேசிப் பழகிய பிறகு பேசாமல் இருப்பதுதான் கனத்தது.

மேடம் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம். போகும்போது, "அண்ணாச்சி, ஒங்க ஆளு தொறந்துதான் இருக்கு, வேணும்னா பேசிப் பாருங்க" என்று சொல்லியிருந்தார். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரையின் முன்னால் குனிந்தேன்.

"நல்லாருக்கியாடே?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கேன் மேடம். சொல்லுங்க, எதப் பாக்கணும்?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவனுக்கு உலகத்தில் கேட்கிற ஆள் ஒருத்தர்தான். யார் குரல் வந்தாலும் அவனுக்கு அது மேடம்தான். என் நிலைமையை அவன் எவ்வளவு சரியாகப் பிடித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டே டம்ளர்களைக் கழுவப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் மீனவர் சங்கம் ஒன்றுக்காக ஒரு செயலி வந்தது. போட்டில் போகிறவன் போனை உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பான். போட்டு எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருக்கும் போனில் ஒரு புள்ளி காட்டும். டவர் எட்டாத தூரத்துக்குப் போனால் புள்ளி மறைந்துவிடும், திரும்பி வரும்போது மறுபடி தெரியும். புள்ளி மறைந்திருக்கும் நேரத்தில் வீட்டுப் போனில் என்ன காட்டுவது? மேடத்துக்கு அதுதான் பெரிய கேள்வி. திரையைக் காட்டி என் ஆளிடம் கேட்டார். நான் அப்போது டீ வைத்துக்கொண்டிருந்தேன்.

"புள்ளி மறஞ்சிட்டா நான் திரும்பத் திரும்ப ஸ்கிரீனத்தான் பாப்பேன் மேடம்" என்றான் அவன். "கடைசியா எங்கன நின்னுச்சு, எப்பம் தெரிஞ்சுச்சுன்னு போட்டிருந்தா மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

"நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று மேடம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"அது சரியாத்தான் சொல்லுது" என்றேன். போன மழைக்காலத்தில், லாரி எங்கே நிற்கிறது என்று காட்டும் வேறொரு செயலிக்காக நான் அதே நாற்காலியில் ஏறக்குறைய அதே சொற்களைத்தான் சொல்லியிருந்தேன். நினைவிருந்தது.

அப்படியே ஆயிற்று. புள்ளி தொலைந்தால் திரை ஆரஞ்சு நிறமாகும், கடைசியாக நின்ற இடத்தைக் காட்டும், அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கண்ணில் பட வேண்டும் அல்லவா. புள்ளி திரும்பி வந்தால் நீலமாகும். சத்தம் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், பார்த்துக்கொண்டேதானே இருப்பார்கள். முதலில் சில வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அதில் எங்கள் வீடும் ஒன்று.

முன்பெல்லாம் மேடம் இப்படிக் கொடுத்த வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பார். இப்போது அதற்கு ஆபீஸில் அனுமதி இல்லை. ஆனால் என் மனைவி அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். "நாசரேத்து ஆளுன்னாலே டீச்சர்தான்" என்று அவளாகவே முடிவு செய்து டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு விடுமுறை நாளில் மத்தியானம் மேடம் வந்தார், கையில் ஒரு பொட்டலம் மக்ரூனோடு.

அன்று மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பியிருந்தது. மணல் உள்ளே வராமல் இருக்க சன்னல்களைச் சாத்தியிருந்தோம். வீடு நடுப்பகலிலேயே மங்கிக் கிடந்தது. மச்சினன் அன்று கரைக்குப் பக்கத்தில்தான் வலை போட்டிருந்தான், காலையிலிருந்து புள்ளி போனில் தெரிந்துகொண்டே இருந்தது. போன் என் மனைவியின் முந்தானைப் பக்கத்தில் பாயில் கிடந்தது. மேடத்துக்குச் சீலா மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே அவள் அதை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். திரும்பி வர வேண்டிய நேரம். அப்போதுதான் திரை ஆரஞ்சாக மாறியது.

அவள் கரண்டியை வைத்தாள். கையைத் துடைத்தாள். போனை எடுத்துக்கொண்டு மூலையில் இருக்கும் மாதா சுரூபத்துக்கு முன்னால் போய், பூச்சாடிக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தாள். திரை மாதாவைப் பார்த்தபடி இருந்தது. முதுகு எங்களைப் பார்த்தபடி. பிறகு அடுப்பில் உலை வைத்தாள், ஏற்கெனவே சோறு இருந்தும்.

மேடம் கையைச் சோற்றில் வைத்தபடி அப்படியே இருந்தார். என்னைப் பார்த்தார். எனக்கும் இது புதிதுதான், பகலில் நான் வீட்டில் இருப்பதில்லை. ஆனால் ஆச்சரியமாக இல்லை. வரத் தாமதமாகிறவனைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். ஏன் இன்னும் வரவில்லை என்று வாய்விட்டுக் கேட்டால், கேட்டதே ஒரு கெடுதலாகிவிடும் என்ற நினைப்பு. வேறு எதையாவது பேசுவார்கள்.

என் மனைவியும் பேசினாள். எதிர் வீட்டு ஆடு துணியைத் தின்றதைப் பற்றி, கோயில் கொடியேற்றத்துக்கு எடுத்த சேலை சாயம் போனதைப் பற்றி. "டீச்சரம்மா, கடைக்காரர்ட்ட கேட்டேன், என்ன அண்ணாச்சி இது சாயம் போவுதுன்னு. அவரு சொல்லுதாரு, தங்கச்சி, நீ அழுது நனைச்சிருப்பன்னு!" அவள் சிரித்தாள். மேடமும் சிரித்தார். காற்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. இருட்டு மூலையில் மாதாவின் முகம் மட்டும் ஆரஞ்சாக இருந்தது. கன்னமும் மூக்கும் கூப்பிய விரல்களும் அடுப்பு வெளிச்சத்தில் நிற்கிற பெண்ணைப் போல. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கூட எழுந்துபோய்த் திரையைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பார்க்கக் கூடாது என்று உடம்பு சொல்லியது. திரும்பத் திரும்பப் பார்ப்பேன் என்று நாற்காலியில் உட்கார்ந்து சொன்னவன் யார் என்று நினைத்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரமோ. சுரூபத்தின் முகம் நீலமாயிற்று.

தாடைக்கு அடியில் முதலில் நீலம் தெரிந்தது, பிறகு முகம் முழுக்க. கடலுக்கு அடியிலிருந்து பார்க்கிற முகம் மாதிரி. மேடத்துக்கு அது என்னவென்று தெரியும், அவர் செய்த நீலம் அது. அவரால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, போன்ல என்னமோ மாறியிருக்கு போல."

"மாறட்டும் டீச்சரம்மா. அவ பாத்துக்கிடுவா." என் மனைவி திரும்பவே இல்லை. திரும்பாமல் உலையில் அரிசி போட்டாள். நிம்மதி அவளுக்கு நாலடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதற்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றாள்.

மேடம் எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் வீட்டில் அவள் முறைப்படி இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். சோறு கொதித்து, வடித்து, ஆறியும் போனது. பிறகுதான் வாசலில் பைக் சத்தம் கேட்டது.

"யக்கா, சோறு!"

"எங்கனலே போன?" என்று அவள் அப்போதுதான் கத்தினாள்.

"மீனு தெக்க ஓடுச்சு, நானும் பின்னாலயே ஓடுனேன். கரைக்கு வந்து, மீன ஏலத்துல விட்டுட்டுல்லா வாரேன். புள்ளி எப்பமோ தெரிஞ்சிருக்குமே?" மூலையைப் பார்த்தான். "ஏ, எம் போட்ட மாதாவுக்கா காட்டிட்டு இருக்க? அவளுக்கு ஆப்பு இல்லாமலே தெரியுமே!"

அவள் கரண்டியோடு அவனைத் துரத்தினாள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் ஆபீஸில் மேடம் என் ஆளிடம் அதே திரையைக் காட்டி மறுபடி கேட்டார். அவன் மாறாமல் அதையே சொன்னான், திரும்பத் திரும்பப் பார்ப்பேன் மேடம்.

"பொய் சொல்லுதான்" என்றேன் நான், தட்டை வைத்துக்கொண்டே.

"இல்ல அண்ணாச்சி. நீங்க சொன்னதத்தான் சொல்லுதான்."

"ஆமா. நானும் தெரிஞ்சு சொல்லல மேடம். அந்தச் சேர்ல ஒக்காந்தா அப்படித்தான் தோணுச்சு. சேர்ல இருந்துக்கிட்டு யாரும் கடலுக்குப் போனவனுக்காகக் காத்துக்கெடக்கலயே."

மேடம் நாற்காலியைப் பார்த்தார். அட்டைப்பெட்டி, கீபோர்டுகள். "இனிமே வீட்டுக்குத்தான் போணும்" என்று மெதுவாகச் சொன்னார். முதலாளியிடம் போனில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது, ஆனால் வாரத்தில் ஒரு நாள் வீடுகளுக்குப் போகலாம் என்று ஆகியிருந்தது. நாற்காலியைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கும் அது வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. எது குறைந்ததோ அது அப்படியே குறைந்திருந்தது.

திரையை மாதாவிடமிருந்து திருப்ப யாராலும் முடியாது என்று மேடம் முடிவு செய்திருந்தார். புள்ளி திரும்பி வந்தால் போன் சத்தம் போட வேண்டும். ஏ.ஐ.யிடம் கேட்டார், டீ ஆறுவதற்குள் கூடை நிறையச் சத்தங்கள் கொடுத்தது. அவற்றை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்.

"இது ஐஸ் வண்டி" என்றாள் என் மனைவி. "இது ஆம்புலன்ஸ், வேண்டவே வேண்டாம். இது என்ன, கொசுவா?"

ஒரு சத்தம், ஈரக் கயிற்றை மரத்தில் சுற்றி இழுத்தால் வருமே, அப்படி மெல்ல முனகி முடிந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இது இருக்கட்டும். போட்ட இழுத்துக் கட்டுத மாதிரி இருக்கு." மேடம் மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டார். தள்ளுவதுதான் இப்போது அவர் வேலை என்று அவரே சொல்லியிருக்கிறாரே.

போவதற்கு முன் அவளையே சோதித்துப் பார்த்தார். போனைக் கையில் கொடுத்து, "அக்கா, மனசுல ஓடுறத அப்படியே சத்தமா சொல்லிக்கிட்டே செய்யுங்க" என்றார். என் மனைவி பேசிய பேச்சில் மேடத்தின் ரெக்கார்டு நிறைந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்காலியில் மேடம் எனக்குச் சொன்ன அந்தச் சொற்கள் என் வீட்டுச் சுவரில் பட்டு வருவது விநோதமாக இருந்தது.

அதற்குச் சில வாரம் கழித்து இன்னொரு விடுமுறை நாள். சாயங்காலம் ஆகிவந்தது. புள்ளி மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. போன் மாதாவின் முன்னால் இருந்தது, முகம் ஆரஞ்சாக இருந்தது. உலை வைத்தாயிற்று. எதிர் வீட்டு ஆட்டைப் பற்றிப் பேசியாயிற்று. என் மனைவிக்குப் பேச்சு தீர்ந்துபோய் நான் பார்த்ததே இல்லை, அன்று தீர்ந்துவிட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் நானும் தரையில் உட்கார்ந்திருந்தோம். தெருவில் மணல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க" என்றாள்.

"என்ன?"

"மனசுல என்ன ஓடுது? அப்படியே சத்தமா சொல்லுங்க." கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரலில் கிண்டல் இல்லை. "சரி தப்பெல்லாம் கெடையாது."

நான் தெருவைப் பார்த்தேன். அவள் காத்திருந்தாள். பேசாமல் காத்திருக்க அவளுக்குத் தெரியும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது.

"பயமாருக்கு" என்றேன்.

அந்த வீட்டில் அந்த நேரத்தில் சொல்லக் கூடாத சொல். அவள் என் வாயைப் பொத்துவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, "எனக்குந்தான்" என்றாள். பிறகு, "சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். கடலைப் பார்த்தால் எனக்குத் தேரி நினைவு வருவதையும், இரண்டிலும் தடம் நிற்காது என்பதையும், சின்ன வயதில் மணல் மேட்டில் வழி தவறி ஒரு உடைமுள் மரத்தடியில் உட்கார்ந்து, யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லலாம் என்று காத்திருந்ததையும் சொன்னேன். எனக்கே மறந்துபோயிருந்த மரம் அது. நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்பது வரை வந்தது.

உள்ளே ஈரக் கயிறு இழுபடுவது போல ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அவள் கண்ணை மூடித் திறந்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"அவன் வாரான்" என்றாள். "நீங்க சொல்லி முடிங்க. அப்புறம் யாரு வந்து கூப்பிட்டா?"